கடிதத்துக்கு நாலரை மதிப்பெண்

அன்புச் சம்பந்தியம்மா ஸ்டெல்லாவுக்கு,

வலது பக்க மூலையில் இடம் எழுதிவிட்டேன், காஞ்சிபுரம் என்று. நாள் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று மட்டும் வைத்துக்கொள். அதற்காக அரை மதிப்பெண் போனால் போகட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கடிதத்தை முழுக்கப் படித்தால் தெரிந்துவிடும். நீ எதையும் முழுக்கப் படிப்பவள்தானே.

பக்கத்தில் நின்று இதை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீயும் நானும் ஒரே பள்ளியில் பதினாறு வருஷம் ஒரே பாடம் எடுத்தவர்கள். பத்தாம் வகுப்பு அ பிரிவுக்குத் தமிழ் நான், ஆ பிரிவுக்கு நீ. என் மகள் கயல் பிறந்தபோது உன் நாலு வயது ஜோயலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாய். அவன் தொட்டிலுக்குள் விரலை விட்டு அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். "இனிமே நீ எனக்கு சம்பந்திடி" என்றாய். எங்கள் ஊர் தென்னேரிப் பக்கத்து வயல்களில் உன் அம்மா நடவு நட்டவர் என்பது கட்டிலோரம் இருந்த என் அம்மாவுக்குத் தெரியும். அவள் முகம் சுருங்கியதை நாம் இருவரும் பார்த்தோம், பார்த்துவிட்டுச் சிரித்தோம். அன்றிலிருந்து ஸ்டாஃப் ரூமில் நமக்குப் பெயரே சம்பந்திகள்தான்.

இப்போது ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. கட்டில் மேல் திருப்புதல் தேர்வு விடைத்தாள் கட்டு பிரித்துப் போட்டபடி இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் மேல்தாள் எழுந்து எழுந்து படுக்கிறது. எனக்குக் கண் செருகுகிறது. இந்த நேரத்தில்தான் நீ கனவில் வருவாய்.

வந்தால் என்ன செய்வாய் தெரியுமா? ஸ்டாஃப் ரூமில் உன் ஜன்னல் பக்கத்து மேசையில், ஸ்டூல் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஈரத்தலையோடு உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பாய். தறிச்சத்தம் உன் பேனாவின் சத்தமாகிவிடும். கையில் ஒரே ஒரு தாள். அதையே படித்துக்கொண்டிருப்பாய். "இன்னும் எத்தனைடி இருக்குது?" என்று கேட்பேன். "இன்னும் ஒண்ணுதான்" என்பாய். நான் போய் ஒரு வகுப்பு எடுத்துவிட்டு வந்து கேட்டாலும் இன்னும் ஒன்றுதான். செத்துப்போன பிறகும் உனக்கு வேகம் வரவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தாய், நாலாம் நாள் இல்லை என்றார்கள். உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த அன்று என் கைப்பையில் மாதத் தேர்வுத் தாள்கள் ஒரு கட்டு இருந்தது. உன் வீட்டுக்காரர் எனக்குக் காபி கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாளைக்கு மதிப்பெண் ஏற்ற வேண்டுமே என்று என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

உன் இடத்துக்கு யாரும் வரவில்லை. தலைமையாசிரியை மேலே எழுதிப் போட்டார்கள். பார்க்கப்பட்டது என்று ஒரு முத்திரையோடு பதில் வந்தது. அதனால் உன் ஆ பிரிவையும் என் அ பிரிவையும் சேர்த்து மாடி ஹாலில் உட்கார வைத்துவிட்டார்கள். நூற்று முப்பத்து நாலு பெண்கள், ஒரு கரும்பலகை. கடைசி பெஞ்சுக்கு என் குரல் போய்ச் சேருவதற்குள் முதல் பெஞ்சு கொட்டாவி விடுகிறது. பேரைச் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. "அந்தப் பச்சை ரிப்பன்" என்றுதான் கூப்பிடுகிறேன். பள்ளியில் எல்லோருக்கும் பச்சை ரிப்பன்தான் என்பது உனக்குத் தெரியும்.

பாடம் எடுப்பதாவது பரவாயில்லை. போனில் வருகைப் பதிவு, உதவித்தொகைப் படிவம், செருப்பு அளவு எடுத்து அனுப்பு, நேற்று அனுப்பிய அளவை வேறு கட்டத்தில் போட்டு மறுபடி அனுப்பு. அதற்கு நடுவில் வாரத் தேர்வு, மாதத் தேர்வு, அரையாண்டு. ஒரு பெண் எட்டுப் பக்கம் எழுதினாலே எத்தனை பக்கம் என்று நீயே பெருக்கிப் பார். உனக்குக் கணக்கு வராது, நானும் பெருக்கிப் பார்க்கவில்லை.

நான் வேகக்காரி என்பது ஊரறிந்த விஷயம். நீ ஒரு கட்டு திருத்துவதற்குள் நான் இரண்டு முடித்து, பட்டியல் போட்டு, கையெழுத்தும் போட்டுவிடுவேன். அதிலும் கடிதம் எழுதும் வினா எனக்கு அல்வா. இடம், நாள் இருக்கிறதா, விளி இருக்கிறதா, இப்படிக்கு இருக்கிறதா, கீழே கட்டம் போட்டு உறைமேல் முகவரி இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் சிறிய டிக். உள்ளே எழுதியிருப்பதைப் பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக நடுவில் ஒரு பெரிய டிக். ஒரு மூச்சு விடும் நேரத்தில் ஒரு கடிதம் முடிந்துவிடும். இந்த வித்தையை உனக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தேன். நீ தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாய்: "எங்க வூட்ல பேனா புடிச்ச மொத கை என்னுதுடி. ஒரு கை எழுதனத ஒரு கண்ணு பாக்காம போனா எனக்கு மனசு ஆவாது." அன்றைக்கு உன்னை நன்றாகக் கிண்டல் செய்தேன். நீ அடுத்த வரியைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாய். என்ன படித்துச் சிரிக்கிறாய் என்று ஒரு தடவையாவது நான் கேட்டிருக்கலாம் இல்லையா?

அரையாண்டு விடுமுறையில் அண்ணன் வீட்டில் இருமுடி கட்டும் பூஜை வந்தது. கட்டுகளைக் காரில் போட்டுக்கொண்டு தென்னேரிக்குப் போனேன். வீட்டில் சத்தம், பந்தல், பாத்திரம். ஆ பிரிவுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டேன்.

ஸ்டெல்லா, அன்றைக்கு ஏரியை நீ பார்த்திருக்க வேண்டும். மழைக்கு நிறைந்து கரையோரம்வரை ததும்பிக்கொண்டிருந்தது. அக்கரை தெரியவில்லை. தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல் வெளிச்சம். நாரைகள் ஒரு காலில் நின்றுகொண்டு எதையோ மறந்துவிட்ட மாதிரி யோசித்துக்கொண்டிருந்தன. தாள்கள் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, தண்ணீரைப் பார்ப்பேன், ஒரு டிக் போடுவேன். தண்ணீரைப் பார்ப்பேன், ஒரு டிக் போடுவேன். நீ இறந்த பிறகு மனசு லேசானது அன்றைக்குத்தான். காபிக்குக் கூப்பிடுவதற்குள் ஆ பிரிவின் கடிதங்கள் அத்தனையும் முடித்துவிட்டேன். எழுந்தபோது என் மேலேயே எனக்குப் பெருமையாக இருந்தது.

பள்ளி திறந்ததும் தாள்களைக் கொடுத்தேன். வழக்கம்போல வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். எல்லோரும் வாங்கி வந்தார்கள். அடுக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலுக்குக் கோயில் பெருமாள் பல்லக்கில் பழையசீவரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். பள்ளியும் திறந்தது. யமுனா வரவில்லை.

உன் வகுப்பு யமுனாவைத்தான் சொல்கிறேன். மூன்றாம் பெஞ்சில் ஓரமாக உட்காருவாள், கேட்டால் மட்டும் பேசுவாள். நூற்று முப்பத்து நாலில் ஒரு தலை குறைந்தது முதலில் எனக்குத் தெரியவில்லை. பண்டிகை முடிந்து ரெண்டு நாள் யாரும் வரமாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் ஆனபோது போனில் அவள் பேருக்கு நேராகச் சிவப்பு வரிசை கட்டி நின்றது. வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவ நின்னுட்டா மிஸ். நீங்கதான் சரின்னு போட்டீங்களாமே."

நான் எங்கேயடி சரி என்றேன்? யாரிடம் சொன்னேன்? அவளைத் துருவித் துருவிக் கேட்டேன். "அரையாண்டு பேப்பர்ல மிஸ். லெட்டர் கொஸ்டின்ல" என்றாள். அலமாரியைத் திறந்து தாளை உருவினேன். வெளியூரில் இருக்கும் தோழிக்குப் பள்ளி ஆண்டு விழாவைப் பற்றிக் கடிதம் எழுதுக என்பது கேள்வி. யமுனாவின் கடிதம் அன்புள்ள தோழிக்கு என்றுதான் தொடங்கியிருந்தது. விழா நன்றாக நடந்தது, தலைமையாசிரியை வரவேற்றார்கள் என்று மூன்று வரி. நாலாவது வரியிலிருந்து இப்படி இருந்தது:

"தேவகி மிஸ், ஸ்டெல்லா மிஸ் இருந்தா அவங்கள கேட்டிருப்பேன். எங்க அம்மா கம்பெனி பஸ்ல வேலைக்குப் போறாங்க. பாப்பாவைப் பாத்துக்க ஆள் இல்ல. பொங்கலுக்கு அப்புறம் நான் வீட்ல இருந்து படிச்சிட்டு பரீட்சைக்கு மட்டும் வந்தா போதுமா மிஸ்? அப்பா போதும்னு சொல்றாரு. எனக்கு தெரியல. நீங்க சொல்றபடி செய்யறேன்."

போதுமா மிஸ் என்ற இடத்தின் மேல், அது முழுசாக மறையும்படி, என் பெரிய சிவப்பு டிக். ஓரத்தில் வட்டம் போட்டு, ஐந்துக்கு நாலரை. நாள் எழுதவில்லை என்று அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். தாளின் கடைசியில் அவள் அப்பாவின் கையெழுத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போட்டது.

அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம்தான் முதலில் வந்தது, அதுவும் உன் மேல்! இப்படி ஒரு தபாலாபீஸ் நடத்திக்கொண்டிருந்தாய், என்னிடம் ஏன் சொல்லவில்லை?

வகுப்புத் தலைவிதான் விளக்கினாள். ஸ்டெல்லா மிஸ் பேப்பரில் கடிதக் கேள்விக்கு என்ன வேண்டுமானாலும் எழுதலாமாம். தொடக்கமும் முடிவும் சரியாக இருந்தால் போதுமாம். கீழே பென்சிலால் ஒரு வரி பதில் வருமாம். சொல்லிவிட்டு ஓடிப்போய்த் தன் பையிலிருந்து காலாண்டுத் தாளை எடுத்து வந்தாள். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் எடுத்து வந்தார்கள். அவர்கள் அதைப் புத்தக அட்டைக்குள் வைத்திருக்கிறார்களடி. உன் கையெழுத்தை ஒவ்வொன்றாக வாங்கிப் படித்தேன். 'கண்ணாடி போட்டால் அழகு குறையாது, நாளைக்கே போட்டுக்கொண்டு வா.' 'எனக்கும் கணக்கு வராது, பிழைத்துத்தானே இருக்கிறேன்.' 'உன் அண்ணனிடம் நான் பேசட்டுமா? வேண்டாம் என்றால் தலையை மட்டும் ஆட்டு.' இதைத்தான் படித்துப் படித்துச் சிரித்தாயா? சில நாள் சிரிக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாயே, அதுவும் இதனால்தானா?

அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஆ பிரிவின் அரையாண்டுக் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏரிக்கரையில் டிக் போட்ட அதே தாள்கள். முதல் தடவையாகப் படித்தேன். ஒருத்தி விடாமல் எல்லோரும் மனசில் இருப்பதை எழுதியிருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப்பேர் ஆண்டு விழாவைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் ஆறு பேர் உனக்கே எழுதியிருந்தார்கள். அன்புள்ள ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு என்று விளி. அதற்கும் டிக் போட்டு வைத்திருக்கிறேன். அன்புள்ள என்ற சொல் கண்ணில் பட்டதும் என் கை டிக் போட்டிருக்கிறது, அடுத்த சொல்லுக்குக் கண் போகவே இல்லை. தாமலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் ஒருத்தி, இப்போது அவர்கள் ஊர் ஏரியும் நிறைந்திருக்கிறது, நீங்கள் பார்க்காமல் போய்விட்டீர்கள் என்று எழுதியிருந்தாள். உறைமேல் முகவரிக்கான கட்டத்தில், ஸ்டெல்லா மிஸ், ஜன்னல் பக்கத்து மேசை, ஆசிரியர் அறை என்று எழுதியிருந்தாள். அதற்கும் ஒரு சின்ன டிக்.

சாயங்காலம் வேகவதி ஆற்றோரம் யமுனா வீட்டைத் தேடிப் போனேன். சந்தின் முனையில் அவள் அப்பாவின் லோடு ஆட்டோ நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் பதறிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். யமுனா உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயசுக் குழந்தை, அவள் தங்கச்சி. அம்மா இன்னும் வரவில்லை, இன்றைக்கு ஓவர்டைம் என்றாள். குழந்தை என் கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்தது.

ஏன் அனுப்பவில்லை என்று நான் அவரைக் கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று.

"நான் வாணாம்னு சொல்லலீங்க டீச்சர். பொண்ணு உங்களைக் கேட்டு எழுதிக்கீது, நீங்க டிக்கு போட்டுக்கீறீங்க. டீச்சரே சரின்னுட்டாங்க, அதுக்கு மேல நான் என்னா சொல்றதுன்னு கையெழுத்து போட்டேன்."

என்ன சொல்வாய் நீயாக இருந்தால்? பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. அது உள்ளடக்கத்துக்கான டிக், நடைக்கான டிக் என்று தேர்வு விதியைச் சொல்லி மழுப்பியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. யமுனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் படிக்கவே இல்லை, படிக்காமல்தான் டிக் போட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. படிக்காமல் ஒரு டீச்சர் டிக் போடுவார் என்பது அவர் மனசுக்குள் போகவில்லை. யமுனாவுக்குப் புரிந்துவிட்டது.

"படிக்கவே இல்லியா மிஸ்?"

வேண்டாம் என்று நான் எழுதியிருந்தால்கூட அவள் முகம் அப்படி ஆகியிருக்காது. இல்லை என்றேன். எத்தனை தாள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவளுக்கு அது ஒரு தாள்தானே. தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. குழந்தை கைப்பையை விட்டுவிட்டு என் கண்ணாடியை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

யமுனா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இன்னொரு தபா எழுதித் தரட்டா மிஸ்?"

அவள் அப்பா குழந்தையை வாங்கிக்கொண்டார். அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வாசற்படியில் உட்கார்ந்து எழுதினாள். இடம் எழுதினாள். நாள் எழுதினாள், அதை மறக்கவில்லை. நாங்கள் இருவரும் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றோம். வானம் செம்மண் நிறமாகிக்கொண்டிருந்தது. எழுதி முடித்து நீட்டினாள். நான் நின்றபடியே படித்தேன். ஒவ்வொரு சொல்லாக, அவள் பார்க்கும்படி, விரல் வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் இருந்ததெல்லாம் இதிலும் இருந்தது. கடைசியில் ஒரு வரி புதிது: 'எனக்கு ஸ்கூலுக்கு வரணும்னுதான் இருக்குது மிஸ்.'

கைப்பையில் பென்சில் இல்லை. சிவப்புப் பேனாதான் இருந்தது. வீட்டில் இருந்தால் போதாது, திங்கட்கிழமை முதல் மணிக்கு வா என்று கீழே எழுதி என் பேரையும் போட்டேன். அவள் அப்பா அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். என் பேனாவைக் கேட்டு வாங்கி, என் பேருக்குக் கீழே, தேர்வுத் தாளில் போடுவது போலவே ஒரு கையெழுத்துப் போட்டார்.

"நீங்க எழுதிட்டீங்க. காலையில லோடு வாணாம், நான் பாப்பாவ பாத்துக்கறேன். அவங்க அம்மா மூணு மணிக்கு வந்துடும். அதுக்கு மேல வண்டி ஓட்டிக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் படிக்காமல் போட்ட டிக்குக்கும் அந்த மனிதர் கட்டுப்பட்டார், படித்து எழுதிய ஒரு வரிக்கும் கட்டுப்பட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அதுவே பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்தக் கை எத்தனை டிக் போட்டிருக்கும்? எந்தெந்த வீட்டில் அதை என்னவென்று படித்திருப்பார்கள்? நீயும் இந்தப் பயத்தோடுதான் அவ்வளவு மெதுவாகப் படித்தாயா?

திங்கட்கிழமை முதல் மணிக்கு யமுனா வந்தாள். வந்து மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்றைக்கு உன் மேசை மேல் யார் யாரோ அடுக்கி வைத்திருந்த பழைய வினாத்தாள் கட்டுகளை எல்லாம் இறக்கிவிட்டு, என் நாற்காலியை அங்கே போட்டுக்கொண்டேன். மூன்று மாதமாக அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். இப்போது தைரியம் வந்துவிட்டது என்றெல்லாம் நினைக்காதே. அந்த முகவரிக்குக் கடிதம் வருகிறது, வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

திருப்புதல் தேர்வு முடிந்து இந்தக் கட்டு வந்திருக்கிறது. மதிப்பெண் பட்டியல் நாளைக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் தாமதமாகும் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை அவர்களால் நம்ப முடியவில்லை. உனக்கு என்ன ஆயிற்று தேவகி, மற்றவர்கள் எல்லாம் கொடுத்துவிட்டார்களே என்றார்கள். பாவம், அவர்களே இரண்டு வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உன் இடத்துக்கு ஆள் கேட்டு மறுபடியும் ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். இந்தத் தடவை வாசகத்தை நான் எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம் வந்துவிட்டது. அங்கே யாராவது நடுவில் டிக் போடாமல் படிப்பார்களா என்று பார்க்கலாம்.

உனக்கு இன்னும் கொஞ்சம் சேதி மிச்சம் இருக்கிறது. ஜோயல் கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். கிறிஸ்துமஸ் கேக்கை நீ கொடுத்து அனுப்புகிற அதே டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தான். கயலுக்கும் அவனுக்கும் வாசலிலேயே ஏதோ சண்டை. அவள் இன்னும் ஒன்பதாவதுதான் படிக்கிறாள், நீ அதற்குள் கனவில் வந்து சீர் பேசாதே. டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

இத்தனையும் கேட்டுவிட்டு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு மதிப்பெண் வினாக்களை அதே பழைய வேகத்தில்தான் தட்டிவிடுகிறேன். நெடுவினாவில் நாலு வரி தாண்டியதும் இன்னும் கண் வழுக்குகிறது. நூற்று முப்பத்து நாலு பேரையும் முழுக்கப் படிக்க இரண்டு கண் போதாது, ஸ்டெல்லா. உனக்கும் போதாமல்தான் இருந்திருக்கும். அது என் தப்பு மட்டும் இல்லை என்று உரக்கச் சொல்லவும் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கடிதத்தை மட்டும் படிக்கிறேன். முதல் வரியிலிருந்து கட்டத்துக்குள் இருக்கும் முகவரிவரை படிக்கிறேன். படித்துவிட்டுக் கீழே பென்சிலால் ஒரு வரி எழுதுகிறேன். உன் அளவுக்கு வராது. போன வாரத் தேர்வில் ஒருத்திக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் 'படித்தேன்' என்று மட்டும் எழுதினேன். அவள் அந்தத் தாளையும் புத்தக அட்டைக்குள் வைத்துக்கொண்டாளாம்.

யமுனாவின் தாள் இந்தக் கட்டில் எங்கேயோ இருக்கிறது. தேடி எடுக்கவில்லை, முறை வரும்போது வரட்டும். தறிச்சத்தம் நின்று நின்று கேட்கிறது. கண் மறுபடியும் செருகுகிறது. இன்றைக்கு நீ வந்தால் ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள், அந்த மேசையில் இப்போது நானும் இருக்கிறேன்.

உறைமேல் எழுத உனக்கு வேறு முகவரி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் பக்கத்து மேசை என்றே எழுதுகிறேன். அந்த முகவரிக்கு வரும் எந்தக் கடிதத்தின் மேலும், என் கண் அதைப் பார்ப்பதற்கு முன் என் கை போகாது. இது என் சத்தியம். கட்டில் மேல் எத்தனை தாள் மிச்சம் என்று மட்டும் கேட்காதே.

இன்னும் ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் மருமகளைப் பெற்றவள்,
சம்பந்தி தேவகி